அந்தமான் கடலைக் காக்கும் அணு ஆவி: எந்த அமைச்சரிடம் கேட்பது?

புது தில்லி: நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் 2025 ஜூலையில் தொடங்கியபோது, பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எழுந்த அமளியால் இரு அவைகளும் அடுத்தடுத்து ஒத்திவைக்கப்பட்டன. அந்தக் கூச்சலுக்கு நடுவே விண்வெளித் துறை அளித்த எழுத்துப்பூர்வமான பதில் ஒன்று பெரும்பாலானோர் கவனத்தை எட்டாமலே போயிற்று. இந்தியாவுக்கென்று அமைக்கப்பட்ட 'நாவிக்' வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பில் அதுவரை ஏவப்பட்ட 11 கோள்களில், இடத்தையும் நேரத்தையும் காட்டும் பணியைச் செய்பவை 4 மட்டுமே என்று அப்பதில் கூறியது. மேலும் 4 கோள்கள் ஒருவழிச் செய்தி ஒலிபரப்புக்குப் பயன்பட்டன. ஒன்று ஆயுள் முடிந்து விலக்கப்பட்டது. இரண்டு உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை.

ஓரிடத்தைத் துல்லியமாக அறியக் குறைந்தது 4 கோள்களின் சமிக்ஞை வேண்டும். இருந்தவையும் நான்கே. அதாவது, ஒன்று பழுதானாலும் மாற்று இல்லை என்ற நிலையை அரசே ஒப்புக்கொண்ட பதில் அது.

இந்த நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்த காரணங்களுள் முதன்மையானது ராக்கெட் அல்ல. செயற்கைக்கோளின் உள்ளே இருந்த அணுக் கடிகாரம். அக்கடிகாரத்தின் இதயம் விரல் நுனி அளவுள்ள ஒரு கண்ணாடிச் சிமிழ். அதனுள்ளே இருப்பது சிறிதளவு ருபீடியம் ஆவி. இதே வகைச் சிமிழ் வேறொரு பணியையும் செய்கிறது. பூமியின் காந்தப்புலத்தை மிக நுட்பமாக அளந்து, கடலடியில் மறைந்திருக்கும் இரும்பைக் காட்டிக் கொடுக்கிறது. இடம் காட்டுதல், கடல் காவல் ஆகிய இரண்டும் ஒருசேரத் தேவைப்படும் இந்தியப் பகுதி அந்தமான் நிக்கோபார் தீவுகள். இந்தச் சிமிழுக்குச் சோதனையான இடமும் அதுவே.

சிமிழுக்குள் நடப்பது என்ன?

ருபீடியம், சீசியம் ஆகியவை மெழுகு போன்ற மென்மையான உலோகங்கள். சீசியம் சுமார் 28 பாகை செல்சியஸிலும் ருபீடியம் சுமார் 39 பாகையிலும் உருகிவிடும். சென்னைக் கோடை வெயிலே போதும். காற்றகற்றிய கண்ணாடிச் சிமிழில் ஒரு துளியை அடைத்துச் சற்றே சூடேற்றினால் மெல்லிய ஆவி நிறையும். இந்த ஆவி எல்லா ஒளியையும் உண்பதில்லை. ருபீடியம் 780, 795 நானோமீட்டர் அலைநீளங்களில் உள்ள அகச்சிவப்பு ஒளியையே விரும்பி உட்கவரும். லேசரை அந்த அலைநீளத்தில் நிறுத்தினால், சிமிழின் மறுபுறம் வெளிவரும் ஒளி மங்கும்.

எவ்வளவு மங்கும் என்பதை இரண்டு காரணிகள் நிர்ணயிக்கின்றன. ஒன்று, ஒளியலை எத்திசையில் அதிர்கிறது என்பது. இதைத் தளவிளைவு என்று நமது பாடநூல்கள் கூறுகின்றன. மற்றொன்று, ஆவி இருக்கும் இடத்தின் காந்தப்புலம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோணம் மாறினாலும் உட்கவரும் அளவு மாறிவிடும்.

ஒளியலை ஒரே கோட்டில் மேலும் கீழுமாக அதிரலாம். திருகாணி போலச் சுழன்றும் செல்லலாம். சுழன்று செல்லும் ஒளிக்கு 'வட்டத் தளவிளைவு' கொண்ட ஒளி என்று பெயர். ஒளித்துகளுக்குச் சுழற்சி உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று அளித்தவர்களுள் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் ஒருவர் என்பதைத் தமிழர்களே அதிகம் அறிந்திலர். நோபல் பரிசு பெற்ற மறு ஆண்டான 1931-இல், கல்கத்தாவில் பகவந்தத்துடன் இணைந்து அவர் அந்த ஆய்வை வெளியிட்டார். அணு ஆவிக் கருவிகள் இன்று பயன்படுத்துவது அந்தச் சுழற்சியைத்தான்.

சுழலும் ஒளியை ஓர் அணு உட்கவரும்போது அதன் சுழற்சியையும் சேர்த்தே பெறுகிறது. சிறிது நேரத்தில் சிமிழில் உள்ள அணுக்களில் பெரும்பகுதி ஒரே திசை நோக்கி நின்றுவிடும். குடியரசு தின அணிவகுப்பில் ஒரே பக்கம் முகம் திருப்பும் படைப்பிரிவை இதற்கு ஒப்பிடலாம். அவ்வாறு அணிவகுத்த அணுக்களால் அதே ஒளியை மேலும் உட்கவர இயலாது. மங்கியிருந்த சிமிழ் தெளிந்து ஒளியை வழிவிடுகிறது. ஒளியாலேயே அணுக்களை இவ்வாறு வரிசைப்படுத்தலாம் என்று காட்டிய பிரெஞ்சு இயற்பியலாளர் ஆல்ஃபிரட் காஸ்ட்லருக்கு 1966-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடுத்த கட்டத்தில்தான் காந்தப்புலத்தின் பங்கு வருகிறது. காந்தப்புலத்தில் நிற்கும் அணு, தளர்ந்த பம்பரம் தலையாட்டுவது போல ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தலையாட்டும். சீசிய அணுவுக்கு ஒரு நானோடெஸ்லா புலத்துக்கு நொடிக்கு சுமார் 3.5 ஆட்டம் என்பது கணக்கு. அந்தமான் பகுதியில் பூமியின் காந்தப்புலம் 40 ஆயிரம் நானோடெஸ்லாவை ஒட்டியது. ஆகவே அங்கு சீசிய அணு நொடிக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் முறை தலையாட்டும். சரியாக அதே அதிர்வெண்ணில் ஒரு வானொலி அலையைச் சிமிழின் மீது செலுத்தினால் அணிவகுப்பு குலைகிறது. குலைந்த அணுக்கள் மீண்டும் ஒளியை உண்கின்றன. வெளிவரும் ஒளி சட்டென மங்குகிறது. எந்த அதிர்வெண்ணில் மங்கியது என்று பார்த்தால் காந்தப்புலத்தின் வலிமை தெரிந்துவிடும். அதிர்வெண்ணை எண்ணுவதைப் போன்ற துல்லியமான அளவீடு வேறு இல்லை. ஆகையால் ஒரு நானோடெஸ்லாவின் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக் கூட இத்தகைய கருவிகள் உணரும்.

காந்த நடுக்கோட்டில் நிக்கோபார்

ஆய்வுக்கூட மேசையில் இவ்வளவு ஒழுங்காக இயங்கும் சிமிழ், தென்கிழக்கு வங்கக் கடலுக்குச் சென்றால் தடுமாறக் கூடும். காரணம், அக்கடலின் மீதுள்ள காந்தப்புலத்தின் திசை.

வட இந்தியாவில் தொங்கவிட்ட காந்த ஊசி வடக்கு நோக்கிச் சாய்ந்து தரையைப் பார்க்கும். தெற்கே வர வரச் சாய்வு குறையும். ஓரிடத்தில் ஊசி தரைக்கு இணையாகக் கிடைமட்டமாக நிற்கும். அத்தகைய இடங்களை இணைக்கும் கோடே காந்த நடுக்கோடு. கேரளத்தின் தும்பா மீனவ கிராமத்தை விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்ததும், 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதும் இந்தக் கோட்டின் அருகாமையால்தான். திருநெல்வேலி அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். அக்கோடு குமரிமுனைப் பகுதியிலிருந்து கிழக்கே கடலைக் கடந்து நிக்கோபார் தீவுக் கூட்டத்தை ஒட்டிச் செல்கிறது.

இதன் விளைவை அறிய மீண்டும் சிமிழுக்குத் திரும்ப வேண்டும். பரவலாகப் பயன்படும் அணு ஆவிக் காந்தமானிகளில் லேசர் செல்லும் திசைக்கும் காந்தப்புலத்துக்கும் இடையே 45 பாகைக் கோணம் இருப்பதே உகந்தது. இரண்டும் ஒரே திசையில் அமைந்தாலும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்தாலும் சமிக்ஞை மறைந்துவிடும். இவை கருவியின் குருட்டுத் திசைகள். நிக்கோபார் கடலில் புலம் தெற்கு வடக்காகக் கிடைமட்டமாக இருப்பதால், ஒளிக்கற்றையை நேர் மேல்நோக்கி வைத்தால் அது புலத்துக்குச் செங்குத்து, கருவி குருடு. விமானத்தின் நீளவாக்கில் வைத்தால், விமானம் வடக்கே பறக்கும்போது கற்றையும் புலமும் ஒன்று, அப்போதும் குருடு. கிழக்கே திரும்பினால் மீண்டும் செங்குத்து. கோட்டில் அதிரும் ஒளிக்கு மாறினால் இந்தக் குருட்டுத் திசைகள் இடம் மாறுமே தவிர முற்றிலும் ஒழிவதில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. விமானம் திசை திரும்பும்போது உண்மையான புலம் மாறாமலே கருவியின் அளவு சற்று மாறும். வலமாகச் சுழலும் ஒளியில் இப்பிழை ஒரு பக்கம் சாய்ந்தால், இடமாகச் சுழலும் ஒளியில் எதிர்ப்பக்கம் சாயும். எனவே இரண்டு சிமிழ்களை எதிரெதிர்ச் சுழற்சியுள்ள ஒளியில் இயக்கி, பிழையைப் பெருமளவு கழித்துக்கொள்ளலாம். பல கோணங்களில் பல சிமிழ்களைப் பொருத்துவதும் வழக்கமான தீர்வே. ஆயினும், எந்தக் கடலுக்கு எந்தக் கோணம் என்பதை அந்தக் கடலின் மீதே சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குளிர்ந்த, காந்த ஊசி செங்குத்தாகச் சாயும் வட கடல்களுக்கென வடிவமைத்த கருவியை வாங்கி வந்து அப்படியே பொருத்துவது போதாது.

இவற்றுக்கு மேல் இயற்கை தரும் ஒரு சோதனை இருக்கிறது. காந்த நடுக்கோட்டின் மேலே, தரையிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்சார ஆறே பாய்கிறது. சூரியன் உச்சியை அடையும்போது அதுவும் உச்சமடைந்து, கீழே காந்தப்புலத்தைப் பல பத்து முதல் நூற்றுக்கு மேற்பட்ட நானோடெஸ்லா வரை உயர்த்துகிறது. நாம் தேடும் நீர்மூழ்கியின் அடையாளமோ ஓரிரு நானோடெஸ்லாவோ அதற்கும் குறைவோ ஆகும். இந்த மின்னாறு மெதுவாக ஏறி இறங்குவதால் அதைப் பிரித்தறிய முடியும். அதற்குத் தரையில் அசையாமல் நின்று அளக்கும் நிலையம் ஒன்று ஒப்பீட்டுக்கு வேண்டும். புவிகாந்தவியல் நிறுவனத்தின் அந்தமான் நிலையத்தின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் அது அமைந்துள்ளது.

அரக்கோணத்துக்கும் அந்தமானுக்கும்

தமிழக வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கி வேட்டை விமானமான பி-8ஐ, 2013 மே மாதம் முதன்முதலாக வந்திறங்கிய தளம் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி. அதே தளத்திலிருந்து நெடுங்காலம் பறந்த ரஷியத் தயாரிப்பான டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. 2016-இல் பி-8ஐ விமானங்கள் அந்தமானுக்கும் அனுப்பப்பட்டன. நிக்கோபாரின் தென்கோடியில், கேம்பெல் விரிகுடாவில் உள்ள ஐ.என்.எஸ். பாஸ் கடற்படை விமானத் தளம் 2012-இல் தொடங்கப்பட்டது. மலாக்கா நீரிணைக்குள் நுழையும் கப்பல்கள் கடந்தாக வேண்டிய வாயிலை அது நோக்கியிருக்கிறது. முப்படைகளும் ஒரே தலைமையில் இயங்கும் அந்தமான் நிக்கோபார் படைத்தலைமை 2001-இல் நிறுவப்பட்டது.

அமெரிக்கக் கடற்படை தன்னுடைய பி-8ஏ விமானத்தில் எடையைக் குறைப்பதற்காகக் காந்த உணர்கருவியைக் கைவிட்டது. இந்தியாவோ தனது பி-8ஐ விமானத்தின் வால்பகுதியில் அதைக் கேட்டுப் பெற்றது. அம்முடிவில் பொருள் உண்டு. ஒலியால் தேடும் கருவிகளைக் கடல்நீரின் வெப்ப அடுக்குகள் ஏமாற்றக் கூடும். காந்தப்புலத்துக்குக் கடல்நீர் தடையன்று. 2014-இல் சீன நீர்மூழ்கி ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் வந்து நின்றபோது தில்லியில் எழுந்த கவலையை நாடாளுமன்றச் செய்தியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே நேரத்தில் இக்கருவியைப் பற்றி மிகையாகப் பேசுவதும் தவறு. தூரம் இரு மடங்கானால் நீர்மூழ்கியின் காந்த அடையாளம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே சில நூறு மீட்டர்களுக்கு அப்பால் அது பயன்படாது. 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று பிற கருவிகள் சொன்ன பிறகு, 'இதுதான்' என்று உறுதி செய்வதே அதன் வேலை. மேலும் காந்த நடுக்கோட்டுக்கு அருகே கிழக்கு மேற்காகச் செல்லும் நீர்மூழ்கியின் உடலில் பூமியின் புலம் ஏற்றும் காந்தம், தெற்கு வடக்காகச் செல்லும்போது இருப்பதைவிடப் பொதுவாகக் குறைவு. மலாக்காவை நோக்கிய முதன்மைக் கடல்வழியும் கிழக்கு மேற்காகவே செல்கிறது. கருவியின் நுட்பத்தில் கடைசித் துளி வரை கறக்க வேண்டிய கடல் இது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நின்றுபோன கடிகாரங்கள்

அதே சிமிழ் கடிகாரமாகும்போது காந்தப்புலத்துடனான உறவு தலைகீழாகிறது. காந்தமானிக்கு உணவாக இருக்கும் புலம், கடிகாரத்துக்கு நோய். ருபீடியம் அணுவின் இரு நிலைகளுக்கிடையே நொடிக்கு சுமார் 683 கோடி அதிர்வுகள் கொண்ட நுண்ணலை ஒன்று ஊசலாகப் பயன்படுகிறது. சிமிழினூடே ஒளியைச் செலுத்தி, நுண்ணலையின் அதிர்வெண் சரியாகப் பொருந்தும் கணத்தில் ஒளி மங்குவதைக் கண்டு கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வெளிக் காந்தப்புலம் புகுந்தால் அதிர்வெண் நகர்ந்துவிடும். ஆகவே சிறப்பு உலோகக் கவசங்களால் சிமிழை மூடி, உள்ளே அளந்த சிறிய புலம் ஒன்றை மட்டும் அனுமதிக்கிறார்கள். ஒளியின் வலிமை மாறினாலும் கடிகாரம் பிசகும். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் இடக்கணக்கில் 30 சென்டிமீட்டர் பிழை. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர்.

நாவிக் அமைப்பின் முதல் தலைமுறைக் கோள்கள் ஒவ்வொன்றிலும் மூன்று ருபீடியம் கடிகாரங்கள் இருந்தன. அவை சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கப்பட்டவை. 2013-இல் ஏவப்பட்ட முதல் கோளின் மூன்று கடிகாரங்களும் 2016-இல் நின்றன. மாற்றாக 2017 ஆகஸ்ட் 31-இல் ஏவிய கோள், வெப்பக் கவசம் பிரியாததால் வீணாயிற்று. 2018 ஏப்ரலில் ஏவிய கோள் நிலைபெற்றது. ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பிலும் அணுக் கடிகாரங்கள் பழுதானதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. எனவே இது இந்தியாவின் கவனக்குறைவு மட்டுமே என்று கூறிவிட முடியாது. பிறரிடம் வாங்கிய சிமிழ் பழுதானால் காரணத்தைக் கண்டறியவும் பிறரையே நாட வேண்டும் என்பதே அந்நிகழ்வு கற்பித்த பாடம்.

பாடம் வீண்போகவில்லை. ஆமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய உள்நாட்டு ருபீடியம் கடிகாரம், 2023 மே 29-இல் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 கோளில் முதன்முறையாகப் பறந்தது. ஆனால் 2025 ஜனவரி 29-இல், ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதல் என்று கொண்டாடப்பட்ட பயணத்தில் சென்ற என்.வி.எஸ்.-02, வால்வு திறக்காததால் உரிய பாதையை எட்டவில்லை. அதனால்தான் ஜூலை மாதப் பதிலில் எண்ணிக்கை நான்கில் நின்றது.

இந்த எண்ணிக்கை அந்தமான் மீனவருக்கும் தீவுகளுக்கு இடையே ஓடும் பயணிகள் கப்பலுக்கும் நேரடியாகப் பொருள்படுவது. நாவிக் இல்லாவிட்டால் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்கலாம். அமைதிக் காலத்தில் அது சரி. இந்திய எல்லையின் கடைக்கோடியில், ஐந்தாறு நாடுகளின் கப்பல்கள் நடமாடும் கடலில், நெருக்கடி வேளையில் பிறர் தயவில் நேரம் பார்க்க வேண்டுமா என்பதே கேள்வி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கார் நிக்கோபார் விமானப் படைத் தளம் நாசமாகி, தீவுகளுக்கும் தலைநகருக்கும் இடையிலான தொடர்பு அறுந்த அந்த நாட்களை நினைவில் கொண்டவர்கள் இக்கேள்வியை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

ஒரு சிமிழ், ஆறு அமைச்சகங்கள்

தில்லியில் இப்பொருளைப் பின்தொடரும் எவருக்கும் விரைவில் ஒரு சிக்கல் தெரியவரும். கடிகாரம் விண்வெளித் துறைக்கு உரியது. புவிகாந்தவியல் நிறுவனம் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வருகிறது. தீவுகளில் மையம் வைத்திருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தது. பி-8ஐ பாதுகாப்பு அமைச்சகத்துடையது. விமானங்களுக்கு இடப்பிழையைத் திருத்தித் தரும் 'ககன்' அமைப்பின் ஒப்பீட்டு நிலையம் ஒன்று போர்ட் பிளேரில் உள்ளது. அது சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. தீவுகளின் நிர்வாகமோ உள்துறையிடம். இவற்றில் மூன்று துறைகள் 2025 நிலவரப்படி ஒரே இணையமைச்சரின் கையில் இருப்பது ஓர் ஆறுதல்.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்துப்பூர்வ பதிலுக்கானவை 230. குலுக்கலில் தேர்வாகும் கேள்வி ஒரே அமைச்சகத்துக்கு உரியதாக இருத்தல் வேண்டும். ஆறு அமைச்சகங்களில் சிதறிய பொருளை எந்த உறுப்பினர் எப்படிக் கேட்பார்? அந்தமான் நிக்கோபாருக்கு மக்களவையில் இருப்பது ஒரே ஓர் இடம். மானியக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை விவாதமின்றி ஒரே மூச்சில் நிறைவேற்றப்படுவதும் ஆண்டுதோறும் காணும் காட்சி.

ஆயினும் கேட்பதற்கு இப்போது ஒரு பிடிப்பு உண்டு. 2023 ஏப்ரல் 19-இல் மத்திய அமைச்சரவை தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடியே 65 லட்சம் ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை நடைபெறும் இந்த இயக்கத்தின் அறிவிக்கப்பட்ட இலக்குகளில், அணுக்களைக் கொண்ட உயர்நுட்பக் காந்தமானிகளும் வழிகாட்டலுக்கான அணுக் கடிகாரங்களும் வெளிப்படையாக இடம்பெற்றுள்ளன. அளவீட்டுக் கருவிகளுக்கான மையம் மும்பை ஐ.ஐ.டி.யில் அமைக்கப்பட்டுள்ளது. குவாண்டம் என்றாலே கணினி என்று பேசும் தலைநகரில் இந்த இலக்கு பின்வரிசையில் நிற்கிறது.

உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. சிமிழையும் லேசரையும் உள்நாட்டிலேயே செய்யும் ஆற்றல் எந்த ஆண்டுக்குள் கைகூடும்? உருவாகும் காந்தமானிகள் திருநெல்வேலியிலும் நிக்கோபாரிலும், அதாவது புலம் கிடைமட்டமாக இருக்கும் இடங்களில், சோதிக்கப்படுமா? அந்தமான் நிலையத்தின் அளவீடுகள் கடற்படைக்கு உடனுக்குடன் கிடைக்க ஏற்பாடு உண்டா? இராணுவ ரகசியம் என்ற பதில் கடைசிக் கேள்விக்குப் பொருந்தலாம். முதல் இரண்டுக்கும் பொருந்தாது. அறிவியல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு நினைத்தால், துறைகளை ஒரே மேசைக்கு அழைத்து விசாரிக்கவும் முடியும்.

இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஆழிப்பேரலையன்று நிலம் பல மீட்டர் தாழ்ந்ததால், அதன் அடிப்பகுதி கடலுக்குள் சென்றுவிட்டது. சேதமடைந்த அவ்விளக்கு பின்னர் சீரமைக்கப்பட்டு வழிகாட்டும் பணிக்குத் திரும்பியது. அத்தீவுகளுக்கு வழிகாட்டும் புதிய ஒளி இப்போது ஒரு கண்ணாடிச் சிமிழுக்குள் இருக்கிறது. அது எரிகிறதா, அணைகிறதா என்று கேட்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துடையது.